விளையாட்டும் வினையும்

2023-ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளன்று திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் இந்தியாவும் இலங்கையும் ஒருநாள் கிரிக்கெட் ஆட்டத்தில் மோதின. விராட் கோலி ஆட்டமிழக்காமல் 166 ரன் குவித்தார். இந்தியா எடுத்த 390 ரன்னுக்கு எதிராக இலங்கை 73 ரன்னில் சுருண்டது. 317 ரன் வித்தியாசம் என்பது ஒருநாள் ஆட்டங்களின் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் காணாத வெற்றி. ஆனால், கேரளத் தலைநகரில் அடுத்த சில நாள்களுக்குப் பேசப்பட்டது கோலியின் சதமோ சிராஜின் பந்துவீச்சோ அல்ல; மைதானத்தில் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்த இருக்கைகள்தான்.

காரணம் அரசியல்தான் என்றாலும், அது இலங்கை அரசியல் அல்ல. கேளிக்கை வரியை 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர்த்தியது மாநில அரசு. பொது டிக்கெட்டின் விலையே ஆயிரம் ரூபாயில் தொடங்கியது. அதைக் குறித்துக் கேட்டபோது, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்க வரத் தேவையில்லை என்ற பொருளில் விளையாட்டுத் துறை அமைச்சர் வி. அப்துரஹிமான் பேசியதாகச் சர்ச்சை வெடித்தது. எதிர்க்கட்சியினர் மட்டுமன்றி, ஆளும் கூட்டணியைச் சேர்ந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் பன்னியன் ரவீந்திரனும் அதைக் கண்டித்தார். ரசிகர்கள் வராமல் இருந்ததே அமைச்சருக்கு அவர்கள் அளித்த பதில் என்ற கருத்து வலுப்பெற்றது.

வந்திருந்த அணி இலங்கை அணி என்பதற்காக மைதானத்தின் வாசலில் ஒரு கறுப்புக்கொடி கூட உயரவில்லை. காரியவட்டத்திலிருந்து களியக்காவிளை எல்லைக்கு ஐம்பது கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் பத்து ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை என்னவாக இருந்தது என்பதைத் தமிழகத்தின் அரசியலைக் கவனித்து வருபவர்கள் மறந்திருக்க முடியாது. ஒரே அணி, ஒரே நாடு, ஒரே அரசமைப்புச் சட்டம். ஆனால் ஒரு மாநிலத்தில் வரவேற்பு, பக்கத்து மாநிலத்தில் தடை. அந்தத் தடை எங்கிருந்து வந்தது, எதைச் சாதித்தது, எப்படி மறைந்தது என்று எண்ணிப் பார்ப்பது இப்போதும் அவசியமாகிறது. அண்டை நாடுகளுடன் விளையாடலாமா, கூடாதா என்கிற கேள்வி இந்தியாவை விட்டு இன்னும் அகலவில்லை.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் கொழும்பு ராயல் கல்லூரியின் கால்பந்து அணி சென்னைக்கு வந்தது. நேரு விளையாட்டரங்கில் சென்னை சுங்கத் துறை அணியுடன் ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. செப்டம்பர் தொடக்கத்தில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அந்த அணியை உடனே திருப்பி அனுப்ப உத்தரவிட்டார். ஆட்டத்துக்கு அனுமதி அளித்த விளையாட்டரங்கப் பொறுப்பு அதிகாரி தாற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். தமிழகத்தின் வேறொரு பள்ளியின் அழைப்பில் வந்திருந்த இலங்கை மாணவர்களும் நாடு திரும்ப நேர்ந்தது. ராயல் கல்லூரி என்பது சிங்கள மாணவர்களும் தமிழ் மாணவர்களும் முஸ்லிம் மாணவர்களும் ஒரே வளாகத்தில் படிக்கும் நிறுவனம். அந்த வேறுபாட்டுக்கெல்லாம் உத்தரவில் இடமில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தார்கள் என்பதே போதுமானதாக இருந்தது.

அதற்கு அடுத்த இரு நாள்களில் நடந்தது இன்னும் வருத்தத்துக்குரியது. பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்திருந்த இலங்கை யாத்திரிகர்கள் முற்றுகையிடப்பட்டனர். திருச்சி விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் அவர்களது பேருந்துகள் தாக்கப்பட்டன. அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர், தமிழர்களும் இருந்தனர். ஈழத் தமிழருக்காக என்று எழுந்த கோபம், வழிபாட்டுக்கு வந்த ஈழத் தமிழர் அமர்ந்திருந்த பேருந்தின் கண்ணாடியை உடைத்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே நோகடிக்கப்பட்டது அம்புகூட அல்ல, அம்பு பட்டவன்.

2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இரண்டாவது அறிவிப்பு வந்தது. சென்னையில் நடைபெறவிருந்த ஆசியத் தடகளப் போட்டியில் இலங்கை வீரர்கள் பங்கேற்பதானால் போட்டியைத் தமிழகம் நடத்தாது என்றார் முதல்வர். போட்டி புணேவுக்குப் போனது. அந்த ஆண்டு ஜூலையில் அங்கே நடந்து முடிந்தது. மார்ச் 26-இல் ஐபிஎல் கிரிக்கெட்டின் முறை. இலங்கை வீரர்களோ நடுவர்களோ அதிகாரிகளோ இல்லாவிட்டால் மட்டுமே சென்னையில் ஆட்டங்களை அனுமதிக்க முடியும் என்று பிரதமர் மன்மோகன் சிங்குக்கு ஜெயலலிதா கடிதம் எழுதினார். ஐபிஎல் நிர்வாகக் குழு அன்றைய தினமே பணிந்தது.

பணிவதற்கு அவ்வளவு அவசரம் ஏன் என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. அந்த ஆண்டு ஐபிஎல் அணிகளில் பத்துக்கும் மேற்பட்ட இலங்கை வீரர்கள் இருந்தனர். மூன்று அணிகளின் தலைவர்கள் இலங்கையர். தில்லிக்கு மஹேல ஜயவர்த்தன, புணேவுக்கு ஏஞ்சலோ மேத்யூஸ், ஹைதராபாதுக்கு குமார் சங்கக்கார. ஹைதராபாத் அணியின் உரிமையாளர் சென்னையைச் சேர்ந்த சன் குழுமம். அந்த அணி சேப்பாக்கத்துக்கு வந்தபோது தலைவர் இல்லாமல்தான் வந்தது. கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் சென்னை அணியின் உரிமையாளர் தரப்பாகவும் ஒரே நேரத்தில் இருந்தவர் என். சீனிவாசன். எதிரணிகள் தங்கள் தலைவர்களை விட்டுவிட்டுச் சென்னையில் ஆட வேண்டும் என்பது யாருக்குச் சாதகம் என்ற கேள்வி அன்று எழுந்தது, பதில்தான் வரவில்லை. பின்னர் சென்னையில் நடக்கவிருந்த இரண்டு இறுதிக்கட்ட ஆட்டங்களும் தில்லிக்கு மாற்றப்பட்டன.

இந்தத் தடைகளையெல்லாம் வாக்கு வேட்டை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டது தலைநகரின் ஊடக உலகம். அது பாதி உண்மை. மறு பாதியைத் தில்லி பார்க்க விரும்பவில்லை. 2009-இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலர் நியமித்த நிபுணர் குழு 2011-இல் அறிக்கை அளித்தது. 2013 பிப்ரவரியில் பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளியாயின. பதுங்கு குழியில் ஏதோ தின்றபடி உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவன். அடுத்த படத்தில் மார்பில் குண்டுகள் பாய்ந்த உடல். அதைப் பார்த்துத் தமிழகம் கொதித்ததில் வியப்பில்லை. லயோலா கல்லூரி மாணவர்களின் உண்ணாவிரதத்தில் தொடங்கிய போராட்டம் மாநிலம் முழுவதும் கல்லூரிகளை மூட வைத்தது. திமுக மத்திய அரசிலிருந்து விலகியது. அந்த மாணவர்களை எந்தக் கட்சியும் வாடகைக்குப் பிடித்து வரவில்லை. அரசியல் கட்சிகளின் கொடிகளைப் பல இடங்களில் அவர்களே அருகில் விடவில்லை.

அந்தக் கொதிப்பின் பலன் ஜெனீவாவில் தெரிந்தது. 2013 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைக் குழுவில் இலங்கைக்கு எதிரான தீர்மானம் 25-க்கு 13 என்ற வாக்குகளில் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் செல்லவில்லை. இவை இரண்டும் மாணவர் போராட்டமும் அரசியல் நெருக்கடியும் சேர்ந்து பெற்றுத் தந்தவை. ஆனால், கால்பந்துச் சிறுவர்களைத் திருப்பி அனுப்பியதும் சங்கக்காரவைச் சேப்பாக்கத்துக்குள் விடாததும் கொழும்பிடமிருந்து எதைப் பெற்றுத் தந்தன? ஒரு கைதி விடுவிக்கப்பட்டாரா, ஒரு ஏக்கர் நிலம் ராணுவத்தின் பிடியிலிருந்து மீண்டதா? அதனால் மீண்டது என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை.

பிறகு ஏன் விளையாட்டு? விடை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. வெளியுறவு மத்தியப் பட்டியல். கடவுச்சீட்டும் விசாவும் மத்தியப் பட்டியல். அயல்நாட்டு வர்த்தகமும் அப்படியே. இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும் என்று 2011 ஜூனில் தமிழகச் சட்டப் பேரவை ஒருமனதாகக் கேட்டது. இலங்கையை நட்பு நாடு என்று சொல்வதை நிறுத்துங்கள், தனி ஈழத்துக்காகப் பொதுவாக்கெடுப்பு கோருங்கள் என்று 2013 மார்ச்சில் மீண்டும் தீர்மானம் போட்டது. தில்லி அவற்றைக் கோப்பில் வைத்துக் கட்டியது. ஒரு மாநில அரசின் கையில் மிஞ்சியவை பொது ஒழுங்கும் காவல் துறையும் விளையாட்டும்தான். விளையாட்டு என்பது மாநிலப் பட்டியலில் 33-ஆவது இனம். அதாவது, தமிழக அரசு மிகச் சரியான ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தது. தூத்துக்குடியில் ஏறும் சரக்குப் பெட்டகங்கள் கொழும்புத் துறைமுகம் வழியாகப் போவது ஒரு நாளும் நிற்கவில்லை. சென்னை-கொழும்பு விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. பணம் புழங்கும் வழிகள் திறந்திருக்க, பந்து உருளும் வழி மட்டும் அடைக்கப்பட்டது. இந்த நிலைக்குத் தமிழகத்தின் ஆட்சியாளர்கள் மட்டும் பொறுப்பல்ல. ஏழு கோடி மக்களின் மனக்குமுறலுக்கு வெளியுறவுக் கொள்கையில் முறையான ஒரு செவியைக்கூட ஒதுக்காத தில்லிக்கும் அதில் பங்கு உண்டு.

தடையின் மிகப் பெரிய நகைமுரண் முத்தையா முரளிதரன். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த ஒரே வீரர் ஒரு தமிழர். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்குக் கப்பலேறிய குடும்பத்தில் வந்தவர். சென்னைப் பெண்ணை மணந்தவர். ஐபிஎல் தொடங்கிய 2008 முதல் மூன்று ஆண்டுகள் சென்னை அணிக்காகச் சேப்பாக்கத்தில் பந்து வீசியவர். 2013-இல் பெங்களூர் அணி வீரராகச் சென்னையில் ஆட அவருக்கு அனுமதி இல்லை. மாமியார் வீட்டுக்கு வரலாம், மைதானத்துக்குள் வரக்கூடாது. போரைப் பற்றியும் காணாமல் போனவர்களின் தாய்மார்கள் பற்றியும் அவர் பேசிய சில பேச்சுகள் ஈழத் தமிழர்களைக் காயப்படுத்தியவை என்பதை மறுக்க முடியாது. அந்தப் பேச்சுக்காக அவரைக் கண்டிப்பது ஒன்று. 2020-இல் அவரது வாழ்க்கைப் படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி விலக நேர்ந்ததற்கும் அந்தப் பேச்சுகளே காரணமாயின. ஆனால் 2013-இன் தடை பேச்சுக்கானது அல்ல. அது பிறந்த நாட்டுக்கானது. மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948-இல் பறித்த இலங்கை அரசு அவர்களை இந்தியர்கள் என்றது. அந்த மலையகத்திலிருந்து எழுந்து வந்த ஒருவரைத் தமிழகம் இலங்கையர் என்று வெளியே நிறுத்தியது.

இத்தகைய தடைகளை ஆதரிப்போர் எப்போதும் காட்டும் முன்னுதாரணம் தென்னாப்பிரிக்கா. நல்ல முன்னுதாரணம்தான், ஆனால் அதை முழுதாகப் பார்க்க வேண்டும். 1981-இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணி நியூசிலாந்துக்குச் சென்றபோது அந்தச் சிறிய நாடு இரண்டாகப் பிளந்தது. 56 நாள் சுற்றுப்பயணத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்ப்பாட்டங்கள்; அவற்றில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்பு. ஹாமில்டன் நகரில் போராட்டக்காரர்கள் வேலியை உடைத்து ஆடுகளத்தின் நடுவே நின்றதால் ஆட்டமே கைவிடப்பட்டது. ஆக்லாந்தில் நடந்த கடைசி ஆட்டத்தின்போது ஒரு சிறு விமானம் தாழப் பறந்து மைதானத்தின் மேல் மாவுப் பொட்டலங்களை வீசியது. ஒரே வீட்டில் தந்தை மைதானத்துக்குள்ளும் மகள் வாசலில் பதாகையுடனும் நின்ற காலம் அது. விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்று சொன்ன பிரதமர் மல்டூன், சட்டம்-ஒழுங்கைக் காட்டி அந்த ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலிலும் மயிரிழையில் வென்றார். தெருவில் நியாயம் இருந்தது. வாக்குப் பெட்டியில் கணக்கு வேறாக இருந்தது.

அங்கே எதிர்க்கப்பட்டது எது என்பதுதான் முக்கியம். தென்னாப்பிரிக்காவில் அணித் தேர்வே நிறத்தின் அடிப்படையில் நடந்தது. கறுப்பர்களுக்கு ஒரு சங்கம், வெள்ளையர்களுக்கு ஒரு சங்கம். நாட்டின் பெயரில் ஆடிய அணியே நிறவெறியின் விளைபொருள். அந்த அணியைப் புறக்கணியுங்கள் என்று கேட்டவர்கள் பாதிக்கப்பட்டவர்களே. தென்னாப்பிரிக்காவில் தடைசெய்யப்பட்டு அயல்நாடுகளிலிருந்து இயங்கிய அவர்களது அமைப்புகள்.

இந்தியாவும் அதற்கு விலை கொடுத்தது. கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் சென்னைக்காரர்கள். 1974-ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ். கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் புணேவில் சோவியத் யூனியனையும் வீழ்த்தி இந்தியா இறுதிச் சுற்றுக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்றது இந்திய அரசு. டேவிஸ் கோப்பை வரலாற்றில் ஆடாமலேயே முடிவான முதல் இறுதிச் சுற்று அதுதான். விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அப்போது இருபது வயதைத் தாண்டியிருந்த இளைஞர்கள். ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தவர்கள். 1966-இலும் 1987-இலும் இறுதிச் சுற்றுக்குப் போய் இந்தியா தோற்றது. அந்தக் கோப்பை இன்றுவரை கைக்கு வரவில்லை. புறக்கணிப்பு என்றால் புறக்கணிப்பவனுக்கு வலிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1988-இல் தென்னாப்பிரிக்கத் தொடர்புள்ள வீரர்கள் அணியில் இருந்ததால் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் இந்தியப் பயணமே ரத்தானது. அணித் தலைவராக அறிவிக்கப்பட்டிருந்த கிரஹாம் கூச்சும் அவர்களில் ஒருவர். அந்தக் கதவை அடைத்த இந்தியாதான் அதைத் திறக்கவும் செய்தது. நிறவெறிச் சட்டங்கள் நீக்கப்பட்டதும், 1991 நவம்பர் 10-இல் கொல்கத்தா ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்கா மீண்டும் சர்வதேச கிரிக்கெட்டில் கால் வைத்தது. எதற்காகத் தடை, எது நடந்தால் தடை நீங்கும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

தமிழகத்தின் தடையில் இந்தத் தெளிவு இல்லை. எது நடந்தால் இலங்கை அணி சென்னைக்கு வரலாம் என்று எந்த அரசும் சொல்லவில்லை. 2013 ஜூனில் கார்டிஃப் மைதானத்தில் இந்தியா-இலங்கை ஆட்டத்தின்போது கொடிகளுடன் உள்ளே ஓடிய புலம்பெயர்ந்த தமிழ் இளைஞர்களுக்கும், மெல்போர்னில் துண்டறிக்கை கொடுத்தவர்களுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. உலகத் தொலைக்காட்சிகள் பார்க்கும் இடத்தில் தங்கள் உறவுகளுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்பது அது. அவர்கள் தங்கள் உடலைத்தான் பணயம் வைத்தார்கள். யாருடைய பேருந்தையும் உடைக்கவில்லை.

ஆரவாரத்தோடு வந்த தடை, சத்தமில்லாமல் தேய்ந்து மறைந்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் இலங்கை அணியினர் ஆடினர். 2023-இல் சென்னை அணியின் மஞ்சள் சட்டையில் மதீஷ பதிரண பந்து வீச ஓடி வந்தபோது சேப்பாக்கம் எழுந்து கூச்சலிட்டது. தோனி அவரைப் பாராட்டிப் பேசியது தமிழ்த் தொலைக்காட்சிகளில் ஓடியது. 2024 செப்டம்பரில் தெற்காசிய இளையோர் தடகளப் போட்டி சென்னையில் நடந்தது. இலங்கை மாணவர்கள் வந்து ஓடினர், பதக்கங்கள் வென்றனர். இடம் அதே நேரு விளையாட்டரங்கம்.

இடைப்பட்ட காலத்தில் இலங்கையில் மாறியது என்ன? 2022-இல் அந்த நாடு பொருளாதாரத்தில் நொறுங்கி விழுந்தபோது, எரிபொருள் கிடைக்காத விமானங்கள் கொழும்பு செல்லும் வழியில் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிச் சென்றன. தமிழகம் 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் உயிர் காக்கும் மருந்துகளும் அனுப்ப முடிவெடுத்தது. மொத்த மதிப்பு 123 கோடி ரூபாய். முதலில் தமிழர்களுக்கு மட்டும் என்றுதான் பேச்சு. தமிழர்களுக்கு மட்டும் என்று அனுப்பாதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் பேரவையில் தெரிவித்தார். அங்கே வாழ வேண்டியவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்டு எடுக்கப்பட்ட முடிவுக்கும், கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவுக்கும் உள்ள தூரம் 2012-க்கும் 2022-க்கும் இடையே தெரிகிறது.

ஆனால் அடிப்படைக் கோரிக்கைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018-இல் முடிந்தது; ஆண்டுகள் பல உருண்டோடியும் அதற்குத் தேர்தல் நடத்தப்படவில்லை. 2025-இல் யாழ்ப்பாணம் செம்மணியில் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன, இருநூறுக்கும் மேல். குழந்தைகளின் எலும்புகளும், ஒரு பள்ளிப் பையும் அவற்றோடு கிடைத்தன. 2013-இல் எழுந்தது போன்ற எழுச்சி தமிழகத்தில் எழவில்லை. இரண்டு கிரிக்கெட் வீரர்கள் வருவதற்கு எதிராகத் திரண்ட கூட்டத்தில் பாதிகூட ஒரு புதைகுழிக்காகத் திரளவில்லை என்றால், அன்றைய கோபத்தை விளையாட்டு எவ்வளவு தூரம் தின்று செரித்துவிட்டது என்று கேட்கத்தான் வேண்டும்.

கேரளத்தை இதில் முன்மாதிரி என்று தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். திருவனந்தபுரத்தில் இலங்கை அணிக்கு எதிர்ப்பு இல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. அந்தக் காயம் அங்கே இல்லை என்பதுதான். தனக்கு வலிக்கும்போது கேரளமும் தெருவுக்கு வரும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் எல்லையின் இருபுறமும் தொழிலாளர்களையும் வியாபாரிகளையும் ஐயப்ப பக்தர்களையும் எப்படிப் பதம் பார்த்தது என்பது தெரிந்ததே. ஆனால் ஒன்று. 2012 பிப்ரவரியில் கேரளக் கடற்பகுதியில் இத்தாலியக் கப்பற்படையினர் இரு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கேரளக் காவல் துறை கப்பலை மடக்கி, சுட்டவர்களைக் கைது செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம், சர்வதேசத் தீர்ப்பாயம் என்று பல ஆண்டுகள் இழுத்து, கடைசியில் 2021-இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டில் முடிந்தது. அந்த முடிவில் எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தாலியக் கால்பந்துச் சிறுவர்கள் யாரையும் யாரும் விரட்டவில்லை. பாக் நீரிணையில் தமிழக மீனவர்கள் சுடப்பட்ட வழக்குகளில் அப்படி ஒரு விசாரணையையாவது நடத்த வைத்திருக்கிறதா தில்லி?

தமிழகத்தின் தடையைக் குறுகிய மனப்பான்மை என்று சாடிய அதே தலைநகர்தான், பாகிஸ்தான் என்று வரும்போது தேசபக்தி என்று பெயர் சூட்டுகிறது. 1991-இல் மும்பை வான்கடே ஆடுகளத்தையும் 1999 ஜனவரியில் தில்லி கோட்லா ஆடுகளத்தையும் சிவசேனையினர் தோண்டிப் போட்டனர். அதே 1999 ஜனவரி 31-இல் சேப்பாக்கத்தில் சச்சின் டெண்டுல்கரின் 136 ரன்னையும் மீறிப் பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றபோது, சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். 2010 ஐபிஎல் ஏலத்தில் பதினொரு பாகிஸ்தான் வீரர்களை ஒரு அணியும் வாங்கவில்லை. தடை என்று யாரும் அறிவிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட கடிதமும் இல்லை. அந்த வகையில் ஜெயலலிதா வெளிப்படையாகவாவது எழுதினார்.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பிறகு, செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை. பாகிஸ்தானுடன் ஆடவே கூடாது என்று ஒரு பகுதி நாடு கொதித்தது. இந்திய அணி ஆடியது, வென்றது, ஆனால் கைகுலுக்க மறுத்தது. ஆட விருப்பமில்லை என்றால் ஆடாமல் இருந்திருக்கலாம், ஆடுவதென்று முடிவான பிறகு கைகுலுக்கியிருக்க வேண்டும் என்று கருத்துச் சொன்னார் திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர். கார்கில் போர் நடந்துகொண்டிருந்த 1999 ஜூனில் இரு அணிகளும் மான்செஸ்டரில் ஆடிக் கைகுலுக்கியதையும் நினைவூட்டினார். அவருக்கும் வசவு விழுந்தது. ஆனால் அவர் தொட்டது சரியான இடம். ஒளிபரப்பு வருமானம் வேண்டும், அதற்காக ஆட வேண்டும். வீரம் காட்டவும் வேண்டும், அதற்காகக் கையை மட்டும் மடக்கிக்கொள்ள வேண்டும். 1974-இல் அமிர்தராஜ் சகோதரர்கள் விட்டுக்கொடுத்தது கோப்பை. 2025-இல் விட்டுக்கொடுக்கப்பட்டது ஒரு கைகுலுக்கல்.

மத்திய அரசு செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. எந்த நாட்டு அணி, எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு காலத்துக்கு இந்திய மண்ணில் ஆடக்கூடாது என்பதை முடிவு செய்யும் பொறுப்பைக் கிரிக்கெட் வாரியத்திடமும் ஏலம் எடுக்கும் முதலாளிகளிடமும் விட்டுவிடாமல், நாடாளுமன்றத்தில் விவாதித்துச் சொல்ல வேண்டும். பாதிக்கப்படும் மாநிலத்தின் கருத்தை அதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்; கேட்டுவிட்டு ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்றும் எழுத்திலேயே சொல்ல வேண்டும். தடை என்றால் நிபந்தனை என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும். பள்ளி, கல்லூரி மாணவர் அணிகளுக்கு எந்தத் தடையும் பொருந்தாது என்று முதல் வரியிலேயே எழுதிவிடலாம். தமிழக அரசியல் கட்சிகள் தங்கள் பங்குக்கு வடக்கு மாகாணத் தேர்தலையும் செம்மணி விசாரணையையும் மீனவர் வழக்குகளையும் ஒவ்வொரு நாடாளுமன்றக் கூட்டத் தொடரிலும் எழுப்பலாம். 39 உறுப்பினர்கள் அதற்குப் போதும்.

2025 டிசம்பர் கடைசி வாரத்தில் இலங்கை மகளிர் கிரிக்கெட் அணி மீண்டும் காரியவட்டத்துக்கு வந்தது. ஐந்து நாள்களுக்குள் மூன்று ஆட்டங்கள். மூன்றிலும் இந்தியாவுக்கே வெற்றி. ஆட்டங்களை ரசித்தவர்கள் ரசித்தார்கள். செம்மணியில் மீட்கப்பட்ட எலும்புகள் யாருடையவை என்பதைக் கண்டறியும் பணி அப்போதும் முடிந்திருக்கவில்லை.